கேள்வி – பதில்: கோஹேய் உச்சிமுராவும் ஆறு கருவிகளும்

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் ஜப்பானின் கோஹேய் உச்சிமுராதான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். விளக்கம் ஏதுமின்றி எழுதிய அந்த ஒற்றை வரிக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களிலிருந்தும், அதாவது பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும், கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் அவருக்கே.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் விட்டாலி ஷெர்போ ஆறு தங்கம் வென்றதைத் தூர்தர்ஷனில் பார்த்தவன் நான். உச்சிமுராவுக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்தே மூன்று ஒலிம்பிக் தங்கம்தான். எந்தக் கணக்கில் அவர் தலைசிறந்தவர் ஆகிறார்?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி

ஷெர்போவின் சாதனையை யாராலும் குறைத்துச் சொல்ல முடியாது, ஐயா. அந்த ஆறு தங்கங்களில் நான்கை அவர் ஒரே நாளில் வென்றார். பதக்கங்களை எண்ணித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றால், உச்சிமுரா முதலிடத்துக்கு அருகில்கூட வரமாட்டார். சோவியத் வீரர் நிக்கொலாய் அந்திரியானொவ் மொத்தம் 15 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். அலெக்சாந்தர் டித்யாத்தின் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் மட்டுமே எட்டுப் பதக்கங்களை அள்ளினார். ஜப்பானிலேயே சவாவோ கட்டோவுக்கு எட்டுத் தங்கம் உண்டு. உச்சிமுராவிடம் இருப்பவை மூன்று தங்கமும் நான்கு வெள்ளியும்.

நான் அந்த வரியை எழுதியபோது மனத்தில் இருந்தது தனிநபர் ஆல்ரவுண்ட் போட்டி, அதாவது ஒரே வீரர் எல்லாக் கருவிகளிலும் ஆடி, மொத்த மதிப்பெண்ணால் வெல்லும் போட்டி. தரைப் பயிற்சி, பாமெல் ஹார்ஸ் (இரு கைப்பிடிகள் வைத்த திண்டு), வளையங்கள், வால்ட் (ஓடிவந்து கையூன்றித் தாண்டும் மேசை), பேரலல் பார் (இணையான இரு கம்பிகள்), ஹரிசாண்டல் பார் (உயரத்தில் ஒற்றைக் கம்பி) என்று ஆண்களுக்கு ஆறு கருவிகள். இந்த ஆறும் ஒரே உடலிடம் ஒன்றுக்கொன்று முரணானவற்றைக் கேட்கின்றன என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர்நிலை. வளையங்களில் கைகளைப் பக்கவாட்டில் நீட்டிச் சிலுவைபோல் அசையாமல் நிற்பதற்குத் திரண்ட தோள்கள் வேண்டும்; அதே தோள்களின் எடை, தரையில் மூன்று முறை முறுக்கிக் கர்ணம் அடிக்கும்போது சுமையாகிவிடும். பாமெல் ஹார்ஸில் கைகள் மட்டுமே மாறி மாறித் தாங்க, இடுப்புக்குக் கீழுள்ள உடல் முழுவதும் வட்டமிட வேண்டும். அங்கே வலிமையைவிடத் தாளமும் மெலிந்த உடலும் உதவும். ஆகவேதான் பெரும்பாலோர் ஒன்றிரண்டு கருவிகளில் வல்லவராகி, மற்றவற்றில் சமாளிக்கிறார்கள். பொதுத் தேர்வில் ஒரு பாடத்தில் மாநில முதலிடம் வாங்குவது வேறு, எல்லாப் பாடத்திலும் ஒரு மதிப்பெண்கூடச் சிந்தாமல் வாங்குவது வேறு. உச்சிமுரா இரண்டாம் வகை.

2009 லண்டன், 2010 ராட்டர்டாம், 2011 டோக்கியோ, 2013 ஆண்ட்வெர்ப், 2014 நான்னிங், 2015 கிளாஸ்கோ என்று ஆறு உலக ஆல்ரவுண்ட் பட்டங்கள். இடையில் 2012 லண்டன் ஒலிம்பிக், இறுதியில் 2016 ரியோ. எட்டு ஆண்டுகள், எட்டுப் பட்டங்கள், நடுவில் ஓர் ஆண்டுகூடத் தவறவில்லை. அவருக்கு முன்பு எந்த ஆணும் உலக ஆல்ரவுண்ட் பட்டத்தை இரண்டு முறைக்கு மேல் வென்றதில்லை. அந்தக் காலத்தில் உலகப் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கவில்லை என்று நீங்கள் வாதிடலாம். அது நியாயமான வாதமே. ஆனால் ஒலிம்பிக் எப்போதும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. அதில் ஆல்ரவுண்ட் தங்கத்தை இருமுறை வென்ற ஆண்கள் இத்தாலியின் பிராலியா, சோவியத்தின் சுகாரின், ஜப்பானின் கட்டோ, அவருக்குப் பின் 44 ஆண்டுகள் கழித்து உச்சிமுரா என நால்வரே. இருபத்தைந்தைத் தாண்டினால் இறங்குமுகம் என்று கருதப்படும் விளையாட்டில், இருபது வயதில் பிடித்த முதலிடத்தை இருபத்தேழு வயதுவரை அவர் விடவில்லை. 2011இல் டோக்கியோவில் அவர் வென்றபோது இரண்டாமிடத்தவருடன் இருந்த இடைவெளி மூன்று புள்ளிகளுக்கும் மேல். பொதுவாக இந்தப் போட்டிகள் புள்ளியின் பின்னங்களில் முடிவாகின்றன.

ஷெர்போவின் உச்சம் உயரமானது, உச்சிமுராவினுடையது நீளமானது. என் வாக்கு நீளத்துக்கு. உங்கள் வாக்கு மாறாது என்பதும் தெரியும்.

முன்பெல்லாம் பத்துக்குப் பத்து என்பார்கள். இப்போது 15.8, 92.365 என்றெல்லாம் போடுகிறார்கள். என் மாணவர்களுக்கு விளக்க முடியவில்லை. அத்துடன், ரியோவில் உச்சிமுரா வென்றது நடுவர்களின் தயவால் என்று ஒரு பேச்சு உண்டே, அது உண்மையா?
— உடற்கல்வி ஆசிரியர், குடியாத்தம்

இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென்கொரிய வீரர் ஒருவரின் பேரலல் பார் பயிற்சிக்குத் தொடக்க மதிப்பை (பிசகே இல்லாமல் செய்தால் கிடைக்கக்கூடிய மதிப்பெண்ணை) நடுவர்கள் 0.1 குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் தங்கம் கைமாறியிருக்கும். பெரிய சர்ச்சை எழுந்தது. 2006 முதல் பத்து என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டு, இரண்டு தனித்தனி மதிப்பெண்கள் வந்தன. முதலாவது கடினத்துக்கானது: செய்யும் ஒவ்வோர் அசைவுக்கும் எளிதானதற்கு 0.1 எனத் தொடங்கி ஏறுமுகமாக ஒரு மதிப்பு உண்டு. அவற்றின் கூட்டுத்தொகைக்கு மேல்வரம்பு கிடையாது. இரண்டாவது செயல்நேர்த்திக்கானது: இது பத்தில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். சிறு பிசகுக்கு 0.1, நடுத்தரமானதற்கு 0.3, பெரியதற்கு 0.5, கருவியிலிருந்து விழுந்தால் முழுதாக ஒரு புள்ளி. இரண்டையும் கூட்டினால் அந்தக் கருவியின் மதிப்பெண். ஆறு கருவிகளையும் கூட்டினால் 90ஐச் சுற்றி வரும் அந்தப் பெரிய எண்.

இந்த முறை வந்ததும் பலர் கடினத்தின் பின்னால் ஓடினார்கள். முட்டி மடங்கினாலும், கால்கள் பிரிந்தாலும், இன்னொரு சுழற்சியைச் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற எண்ணம் பரவியது. உச்சிமுராவும் கடினமானவற்றைத்தான் செய்தார். ஆனால் அவற்றைப் பிசிறின்றிச் செய்ய முடிந்த பிறகே போட்டிக்குக் கொண்டுவந்தார். அவருடைய பயிற்சிகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பாதங்கள் ஒட்டியே இருக்கும், இறங்கும்போது கால்கள் தரையில் அறைந்ததுபோல் நிற்கும்.

இனி ரியோ. 2016 ஆகஸ்ட் 10 அன்று நடந்த இறுதியில் ஐந்து கருவிகள் முடிந்தபோது உக்ரைனின் ஒலெக் வெர்னியாயெவ் 0.901 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். இந்த மட்டத்தில் அது சாதாரண இடைவெளி அன்று. எஞ்சியது ஹரிசாண்டல் பார் மட்டுமே. தரையிலிருந்து 2.8 மீட்டர் உயரத்தில், 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி அது. சில நாட்களுக்கு முன் தகுதிச் சுற்றில் இதே கம்பியிலிருந்துதான் உச்சிமுரா தவறி விழுந்திருந்தார். போதாக்குறைக்கு, இறுதியில் பயிற்சியின் நடுவிலேயே அவருக்கு முதுகில் பிடித்துக்கொண்டது. இருந்தும் கம்பியை விட்டு மேலே பறந்து, சுழன்று, மறுபடி பிடிக்கும் அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, இரட்டைக் கர்ணத்துடன் இறங்கி, அடி பெயராமல் நின்றார். 15.800 கிடைத்தது. அடுத்து வந்த வெர்னியாயெவ் விழவில்லை. ஆனால் அவருடைய பயிற்சி அத்தனை கடினமானதாக அமையவில்லை, இறங்கும்போது கால் தள்ளாடியது. 14.800 கிடைத்தது. முடிவில் 92.365க்கு 92.266. வித்தியாசம் 0.099.

பிறகு நடந்த செய்தியாளர் சந்திப்பில், நடுவர்கள் உங்களுக்குச் சலுகை காட்டுகிறார்களா என்று ஒருவர் உச்சிமுராவிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கடுமையாகப் பதிலளித்தவர் தோற்றுப்போன வெர்னியாயெவ்தான்; மதிப்பெண்கள் நியாயமானவை என்றும், அப்படிக் கேட்பதே வீண் என்றும் அவர் சொன்னார். தங்கத்தைப் பறிகொடுத்தவரே சொன்ன பிறகு, குடியாத்தத்திலும் வேலூரிலும் உட்கார்ந்துகொண்டு நாம் வேறு தீர்ப்பு எழுத இடமில்லை என்றே நினைக்கிறேன்.

நடுவர் தயவு என்ற பேச்சுக்கு விதை 2012 லண்டனில் போடப்பட்டிருக்கலாம். அங்கே அணிகளுக்கான இறுதியில் கடைசியாகப் பாமெல் ஹார்ஸில் ஆடிய உச்சிமுரா, முடிக்கும்போது கைகளில் நிற்க வேண்டிய இடத்தில் தடுமாறினார். அந்த இறங்குமுறையை நடுவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஜப்பான் நான்காமிடம் என்று பலகை காட்டியது. ஜப்பானியப் பயிற்சியாளர்கள் முறைப்படி கட்டணம் கட்டி மேல்முறையீடு செய்தார்கள். மறுபார்வையில் 0.7 கூட்டப்பட்டு ஜப்பான் வெள்ளிக்கு ஏறியது. பிரிட்டன் வெண்கலத்துக்கு இறங்கியது. உக்ரைன் பதக்கமின்றித் திரும்பியது. விதிப்படி நடந்ததுதான். ஆனாலும் உக்ரைன் ரசிகர்களின் மனத்தில் அது ஆறியிருக்காது.

சர்க்கஸில் பார் விளையாடுகிறவர்களும் இதையேதானே செய்கிறார்கள்? அவர்களுக்கு ஏன் பதக்கம் இல்லை?
— வாலாஜாபேட்டை வாசகர்

துணிச்சலில் அவர்கள் எவ்விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். கழைக்கூத்தாடிகளையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். ஆனால் சர்க்கஸில் பார்வையாளரை வியக்க வைத்தால் வேலை முடிந்தது. இங்கே கட்டைவிரல் நுனி வளைந்திருக்கிறதா என்பதைக்கூட ஒரு நடுவர் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது, பிசகுக்குப் பிசகு கழிக்கிறது.

அவர் சிறுவயதில் எப்படி வளர்ந்தார்? என் மகனுக்கு எட்டு வயது, வீட்டில் கட்டிலிலும் கதவிலும் தொங்கிக்கொண்டே இருக்கிறான். சேர்த்துவிட ஆசை. ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தால் உயரம் நின்றுவிடும் என்று மாமியார் பயப்படுகிறார்.
— இல்லத்தரசி, வாணியம்பாடி

உச்சிமுரா 1989 ஜனவரி 3 அன்று கித்தக்யூஷு நகரில் பிறந்தார். (பழைய வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்ததும் அதே ஆண்டில்தான் என்பதை நம் மாவட்டத்தார் நினைவு வைத்துக்கொள்ள வசதிக்காகச் சொல்கிறேன்.) தாய், தந்தை இருவருமே ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள், நாகசாகி மாநிலத்தில் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் நடத்தினார்கள். மூன்று வயதில் அவர் அங்கே விளையாடத் தொடங்கினார். விளையாட என்பதை அழுத்திச் சொல்கிறேன்: டிராம்போலினில் குதிப்பதும், துணிப் பொம்மையைக் கையில் பிடித்துச் சுழற்றி எந்த நேரத்தில் உடல் எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பதும், அசைவுகளைக் குச்சி மனிதர்களாக நோட்டில் வரைந்து வைப்பதும்தான் அவருடைய பிள்ளைப்பருவம். பதினைந்து வயதில், 2004 ஏதென்ஸில் அணித் தங்கம் வென்ற நவோயா சுகஹாராவிடம் சேர்ந்து பயில வேண்டும் என்று வீட்டைவிட்டு டோக்கியோ சென்றார். பத்தொன்பது வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பாமெல் ஹார்ஸில் விழுந்து பட்டியலில் வெகுவாகப் பின்தங்கியும், மீதிக் கருவிகளில் ஏறிவந்து ஆல்ரவுண்ட் வெள்ளி வென்றார்.

உயரம் குறித்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை, அம்மா. உச்சிமுரா ஏறத்தாழ 162 சென்டிமீட்டர்தான். ஆனால் பயிற்சி அவரைக் குட்டையாக்கவில்லை. உடல் சிறியதாக இருந்தால் காற்றில் வேகமாகச் சுழலலாம், கம்பியில் வீசும்போது தோள்மீது விழும் பாரமும் குறையும். ஆகவே உயரம் குறைந்தவர்களே இந்த விளையாட்டில் நிலைத்து மேலே வருகிறார்கள். கூடைப்பந்து ஆடுவதால் யாரும் வளர்வதில்லை என்பதற்கும் இதே விளக்கம்தான். உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு: மணிக்கட்டிலும் முட்டியிலும் வலி என்று பிள்ளை சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது, எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் விடக்கூடாது, தடித்த மெத்தையும், பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்கும் ஆளும் இல்லாத இடத்தில் கர்ணம் பழகவே கூடாது. எட்டு வயது தாமதமில்லை. உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டால், அருகில் எங்கே பயிற்சி கிடைக்கும் என்ற விவரம் கிடைக்கும். அதுவரை கதவைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கடினமாக உழைப்பவர் என்ன சாப்பிடுவார்? எங்கள் ஊர் பிரியாணி ஒத்துவருமா?
— ஆம்பூர் வாசகர்

காய்கறி என்றால் முகம் சுளிப்பவர், சாக்லேட் பிரியர் என்று பெய்ஜிங் ஒலிம்பிக் காலத்திலேயே பெயர் வாங்கியவர். அவர் விரும்பிச் சாப்பிட்ட 'பிளாக் தண்டர்' என்ற மலிவான சாக்லேட், அதன்பின் ஜப்பானில் பரபரப்பாக விற்றது. இதைப் படிக்கும் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம். பிரியாணியைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும். கூட வரும் கத்திரிக்காயை மட்டும் ஒதுக்கிவிடுவார் என்று தோன்றுகிறது.

ரியோவுக்குப் பிறகு அவர் பெயரே கேட்கவில்லை. என்ன ஆனார்?
— பட்டு வியாபாரி, ஆரணி

ரியோ முடிந்த கையோடு, ஜப்பானின் முதல் தொழில்முறை ஜிம்னாஸ்டிக்ஸ் வீரரானார். அதுவரை அங்கே ஒரு வீரர் பல்கலைக்கழகத்தின் அல்லது நிறுவனத்தின் அணியில் ஊழியராக இருந்துதான் ஆடுவார். இந்த விளையாட்டை மட்டுமே நம்பி ஒருவர் வாழ முடியும் என்று சிறுவர்களுக்குக் காட்ட விரும்பினார். ஆனால் உடல் கணக்குத் தீர்க்கத் தொடங்கியிருந்தது. 2017இல் மான்ட்ரியாலில் நடந்த உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில், வால்ட்டிலிருந்து இறங்கும்போது இடது கணுக்கால் பிசகியது, விலகினார். அத்துடன் எட்டாண்டுத் தொடர் அறுந்தது. 2018இல் தோஹாவில் ஹரிசாண்டல் பாரில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு தோள்வலி முற்றி, ஜப்பானிய அணியிலேயே இடம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவர் எடுத்த முடிவு என்னை யோசிக்க வைத்தது. ஆறு கருவிகளையும் ஆளாதவன் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரன் இல்லை என்ற பிடிவாதத்தில் வாழ்ந்தவர், ஐந்தை விட்டுவிட்டு ஹரிசாண்டல் பாரை மட்டும் வைத்துக்கொண்டார். நாற்பது ஆல்ரவுண்ட் போட்டிகளைத் தொடர்ந்து வென்றவருக்கு இது எளிதாக இருந்திருக்காது. சொந்த நாட்டில் நடக்கும் ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்ற ஆசைக்கு அந்த ஒரு வழிதான் திறந்திருந்தது. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2021இல் நடந்த அந்தப் போட்டியில், பிறர் அஞ்சும் பறக்கும் அசைவுகளையெல்லாம் முடித்துவிட்டு, கம்பியின்மேல் கைமாற்றித் திரும்பும் இடத்தில் பிடி நழுவி விழுந்தார். தகுதிச் சுற்றோடு முடிந்தது. ஆனால் ஆல்ரவுண்ட், ஹரிசாண்டல் பார் ஆகிய இரண்டு தங்கங்களையும் அவருடைய நாட்டுக்காரரான பத்தொன்பது வயது தாய்க்கி ஹாஷிமோத்தோவே வென்றார்.

அதே ஆண்டு அக்டோபரில் உலகப் போட்டி அவர் பிறந்த கித்தக்யூஷுவிலேயே நடந்தது. இறுதிச் சுற்றில் ஆறாமிடம் பெற்றார். 2022இல் ஓய்வை அறிவித்து, மார்ச் மாதம் டோக்கியோவில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சியில் ஆறு கருவிகளிலும் ஏறி இறங்கினார். அந்த விஷயத்தில் பிடிவாதம் வென்றுவிட்டது.

எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து சதீஷ் சிவலிங்கம் பளுதூக்குதலில் காமன்வெல்த் தங்கம் இருமுறை கொண்டுவந்தார். ஜிம்னாஸ்டிக்ஸில் மட்டும் நம்மால் ஏன் முடியவில்லை?
— கல்லூரி மாணவர், வேலூர்

2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் சதீஷ் வென்ற தங்கங்களுக்குப் பின்னால், பளுதூக்குதலைத் தலைமுறைகளாகப் பழகிய ஓர் ஊர்ச் சூழல் இருக்கிறது. அப்பாவும், அண்ணன்மாரும், பக்கத்துத் தெருக்காரரும் தூக்கிப் பழகிய இடத்தில் ஒரு சிறுவனுக்கு அது இயல்பாகவே வந்துவிடும். கம்பியும் தட்டுகளும் ஒரு சிறு கூடமும் இருந்தால் தொடங்கலாம். ஜிம்னாஸ்டிக்ஸில் அந்த வசதி இல்லை. ஆறு கருவிகள், பன்னிரண்டு மீட்டர் சதுரத்தில் அடியில் ஸ்பிரிங் வைத்த தரை, பழகும்போது விழுவதற்கு நுரைத்துண்டுகள் நிரப்பிய குழி, உயர்ந்த கூரை, இத்தனையும் ஒரே கூரையின்கீழ் வேண்டும். அதைவிட அரிது, ஆறு வயதுப் பிள்ளையைப் பதினைந்து ஆண்டுகள் பொறுமையாக வளர்க்கும் பயிற்சியாளர்.

ஆயினும் முடியவே முடியாது என்பதற்கில்லை. 2010இல் அலகாபாத்தின் ஆசிஷ் குமார் டெல்லி காமன்வெல்த் போட்டியில் வால்ட்டில் வெள்ளியும் தரைப் பயிற்சியில் வெண்கலமும், அதே ஆண்டு ஆசியப் போட்டியில் தரைப் பயிற்சியில் வெண்கலமும் வென்றார். பெண்களில் திரிபுராவின் தீபா கர்மாக்கர், ரியோ வால்ட் இறுதியில் நான்காமிடம் வந்தார். பிலிப்பைன்ஸின் கார்லோஸ் யூலோ பதின்வயதில் ஜப்பானுக்குச் சென்று பல ஆண்டுகள் பயின்று, 2024 பாரிஸில் தரைப் பயிற்சி, வால்ட் இரண்டிலும் தங்கம் வென்றார். பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை, சரியான கூடத்தில் சரியான வயதில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு அவரே சான்று. நம் பக்கத்திலேயே விழுப்புரத்தில் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் ஏறிச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு, வளையும் உடலும் தைரியமும் இங்கே பஞ்சமில்லை என்பது தெரியும். மாவட்டத்துக்கு ஒரு கூடம் கேட்பது பேராசை என்றால், நான்கு மாவட்டத்துக்குச் சேர்த்தாவது ஒன்று கேட்கலாம்.

அவருடைய ஆட்டங்களில் முதலில் எதைப் பார்ப்பது?
— ஆற்காடு வாசகி

2011 டோக்கியோ உலகப் போட்டியின் தரைப் பயிற்சி இறுதியைப் பாருங்கள். அந்தக் கருவியில் அவர் தங்கம் வென்ற ஆட்டம் அது. அடுத்து ரியோ ஆல்ரவுண்டின் கடைசிக் கம்பி. முதல் முறை முழுதாகப் பாருங்கள். இரண்டாம் முறை அவருடைய முகத்தையும் கைகளையும் விட்டுவிட்டு முட்டியையும் பாதத்தையும் மட்டும் கவனியுங்கள். பிறகு அதே இறுதியில் ஆடிய வேறு எவருடைய பயிற்சியையாவது அதே விதமாகப் பாருங்கள். நடுவர்கள் எங்கே கழித்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தென்படத் தொடங்கும்.